லடாக்கில் வெறும் மேலோடு

தெரிந்த விசயம் என்றால் நான் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். தெரியாத விசயம் என்றால்தான் எழும்பி நின்று விளங்கப்படுத்துவேன். இது என் பிறவிக் குணம். இந்தக் குணத்தால் வேலை இடத்தில், சொந்தக்காரர் வீட்டில், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் என்று பல இடங்களில் வாங்கிக் கட்டியிருக்கிறேன். ஆனால் கலியாணம் கட்டி மூன்றாம் கிழமை, இமயமலையில் பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் வாங்கிக் கட்டியதைப் போல வேறொரு இடத்திலும் இல்லை.

என் மனைவி வதனி கனடாவில், ஸ்காபரோவில் பிறந்தவள். பதினாலு வருசம் பரதநாட்டியம் பழகியவள். ஒன்பது வயதில் பள்ளிக்கூட லைப்ரரியில் ஏதோ ஒரு புத்தகத்தில், மூன்று கண் முகமூடி போட்டுக்கொண்டு பிக்குமார் ஆடுகிற படம் ஒன்றைப் பார்த்திருக்கிறாள். அன்று பிடித்த பைத்தியம். எங்களுக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடந்தபோது இரண்டு பேரும் ஒரு கோப்பிக் கடையில் சந்தித்தோம். நான் வீடு வாங்குகிற திட்டம், ஓவர்டைம் என்றெல்லாம் அளந்துகொண்டிருந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்கு உதொண்டும் வேண்டாம். லடாக்கில ஒரு சின்ன ஊரில வருசத்துக்கு ஒருக்கா அந்த டான்ஸ் நடக்கும். அதை நேர நிண்டு பார்க்கவேணும். கூட்டிக்கொண்டு போவீங்களோ?"

"ஓமோம். மலையெல்லாம் எனக்குப் பழக்கம்," என்றேன். (எனக்குப் பழக்கமான மலை, ஸ்காபரோவில் ரூஜ் பூங்காப் பக்கத்தில் நாய் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்கள் ஏறி இறங்குகிற மேடு.)

எங்கள் கலியாணத்துக்கு ஐயர்தான் நாள் வைத்தார் என்று இன்றைக்கும் சனம் நினைக்கிறது. உண்மையில் நாள் வைத்தது அந்தத் திருவிழா. அது பெப்ரவரியில் வந்தது. மாமிக்கு, அதுதான் வதனியின் அம்மாவுக்கு, பொறுக்கவில்லை.

"ஆரும் குளிருக்குள்ள இருந்து குளிருக்குப் போவினமே தம்பி? எங்கயும் கடற்கரைப் பக்கம் போங்கோவன்."

"மாமி, மைனஸ் இருபத்தைஞ்சில ஃபின்ச் பஸ்சுக்கு நிண்ட ஆக்கள் நாங்கள். குளிர் எங்களுக்குப் புதுசே?" என்றேன். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்கே ஒரு அறை விடவேண்டும் போல இருக்கிறது.

லே விமான நிலையத்தில் எங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்தவர் நோர்பு. சாரதியும் அவர்தான், வழிகாட்டியும் அவர்தான். அதிகம் கதைக்கமாட்டார், சிரிப்பார். வந்தவுடன் ஆங்கிலத்தில் ஒரே ஒரு புத்திமதி சொன்னார்: இரண்டு நாள் படுத்திருங்கள், இங்கே காற்று மெல்லிசு, குனிந்து நிமிர்ந்து ஒன்றும் செய்யாதீர்கள். படுக்கத்தானே சொன்னார், பேசவேண்டாம் என்று சொல்லவில்லையே. இரண்டு நாளும் கம்பளிக்குள் கிடந்தபடி லடாக்கின் சமயம், சரித்திரம், சாப்பாடு எல்லாவற்றையும் வதனிக்கு விளங்கப்படுத்தினேன். (விமானத்தில் கிடைத்த சஞ்சிகையில் ஒன்றரைப் பக்கம் வாசித்திருந்தேன்.)

மூன்றாம் நாள் காலை அந்த ஊருக்குப் போனோம். மடம் குன்றின் உச்சியில் இருந்தது. படி ஏறும்போது மூன்று இடத்தில் "படம் எடுக்க" என்று குந்தினேன். முற்றத்தில் சனம் ஏற்கெனவே கூடிவிட்டது. வதனியைக் கண்டதும் இரண்டு பெண்கள் நகர்ந்து, முன் வரிசையில் இடம் விட்டார்கள். ஆட்டம் தொடங்க இன்னும் அரை மணித்தியாலம் இருக்கிறது என்றார் நோர்பு. வதனியின் முகத்தைப் பார்க்கவேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளை மாதிரி இருந்தாள். அப்படியே அவளை அங்கே இருக்க விட்டிருக்கலாம்.

"வாரும், உள்ள போய்க் கும்பிட்டிட்டு வருவம்," என்றேன்.

"அஞ்சு நிமிசம்தான். இடம் போயிடும்," என்று மனமில்லாமல் எழும்பி வந்தாள்.

பிரார்த்தனை மண்டபத்து வாசலில் சப்பாத்துகள் கழற்றிக் கிடந்தன. அதைக் கண்டதும் எனக்குள் இருந்த யாழ்ப்பாணத்தான் முழித்துக்கொண்டான். எங்கள் ஆம்பிளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோயிலுக்குள் போவதென்றால் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் மேலோடுதான் போவோம். ஸ்காபரோவிலும் அதேதான். வெளியே ஸ்னோ கொட்டும். நாங்கள் வாசலில் பூட்ஸ், ஜக்கெற், சேட் எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, வண்டி வயிற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவோம். (அங்கே குளிராமல் இருப்பது கடவுளின் அருளால் அல்ல, ஹீற்றரால் என்பது அந்த நேரம் என் மண்டையில் ஏறவில்லை.)

நான் ஜக்கெற் சிப்பை இழுத்ததும் வதனிக்கு விளங்கிவிட்டது.

"என்ன செய்யிறீங்கள்? இஞ்ச ஒருத்தரும் கழட்டேல்லை."

"உமக்குத் தெரியாது. நீர் கனடாவில பிறந்தனீர். உந்தப் பிக்குவைப் பாரும், ஒரு கை வெறுமனே இருக்கு. அவை அரைவாசி கழட்டியிருக்கினம். நாங்கள் முழுசாக் கழட்டுவம்."

"ஐயோ, உது அவையின்ர உடுப்பு!"

"கோயிலுக்கு மரியாதை எண்டு ஒண்டு இருக்கு," என்று சொல்லிக்கொண்டே ஜக்கெற்றைக் கழற்றினேன். பிறகு ஸ்வெற்றர். பிறகு இன்னொரு ஸ்வெற்றர். கடைசியாக உள்ளே போட்டிருந்த இறுக்கமான பெனியன், புதுசு, தலையில் மாட்டிக்கொண்டது. இரண்டு கையும் மேலே, முகம் துணிக்குள், வயிறு வெளியே என்று வாசலில் நின்று முக்கினேன். யாரோ பின்னால் நின்று ஒரே இழுவையில் உருவிவிட்டார்கள். வதனிதான் என்று திரும்பினால், ஒரு வயதான பிக்கு என் பெனியனைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். எனக்கு ஏதோ வலிப்பு வருத்தம் வந்துவிட்டது என்று பயந்தாராம், நோர்பு பிறகு சொன்னார்.

உள்ளே இரண்டு வரிசையாக இருந்து பிக்குமார் ஓதிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் தாளம் ஒன்று பாதியில் அந்தரத்தில் நின்றது. எல்லாக் கண்ணும் என் மேல். என்ன பக்தி என்று அசந்துபோய் இருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். (கடவுளே!) ஊர்ச்சனம் சிலர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இது எங்கள் அட்டாங்க நமஸ்காரம் அல்லவா, விடுவேனா? நானும் விழுந்தேன்.

நெஞ்சு கல்லில் பட்டதும் உயிர் ஒருதரம் வெளியே போய் வந்தது. ஃபிறீசருக்குள் மீனோடு மீனாகப் படுத்தது போல இருந்தது. அதோடு விட்டேனா? மூன்று தரம் விழவேண்டும் என்று எனக்கு நானே விதி வைத்தேன். இரண்டாம் தரம் எழும்பும்போது விளக்குகள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. மூன்றாம் தரம், பார்க்கிறவர்களுக்கு ஒரு கம்பீரம் தெரியட்டும் என்று சடாரென்று எழும்பினேன். அவ்வளவுதான் ஞாபகம்.

கண்ணைத் திறந்தபோது எனக்கு மேலே எமன் குனிந்து நின்றான்.

சிவப்பு முகம். மூன்று கண். வாயில் கோரைப்பல். தலையைச் சுற்றி மண்டையோடுகள். சந்தேகமே இல்லை, செத்துவிட்டேன். கையெடுத்துக் கும்பிட்டு அழுதேன்.

"ஐயா, கலியாணம் கட்டி மூண்டு கிழமைதான் ஐயா. எட்டு வருசம் கோயில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டினனான். ஆரையும் கொண்டுபோகத்தான் வேணுமெண்டால் எங்கட நிர்வாகசபைத் தலைவரைக் கொண்டுபோங்கோ. அவருக்கு எழுபது தாண்டீட்டுது!"

எமன் தன் தலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். உள்ளே கண்ணாடி போட்ட ஒரு ஒல்லிப் பிக்கு. ஆட்டத்தில் தன் முறை வரும்வரை அடுப்படியில் சூடு பிடிக்க வந்தவராம். ஒரு கோப்பையை நீட்டி, "சாய்?" என்றார்.

நான் கிடந்தது மடத்துக் குசினி. நாலு கம்பளிக்குள் என்னைச் சுற்றி அடுப்பருகில் போட்டிருந்தார்கள். வதனி பக்கத்தில் இருந்தாள். அழுது சிவந்த கண், ஆனால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். தலைவரை நான் எமனுக்குத் தாரைவார்த்ததை முழுதாகக் கேட்டுவிட்டாள். வைத்தியம் தெரிந்த ஒரு கிழவர் நாடி பிடித்துப் பார்த்தார். குளிரிலே விழுந்து எழும்பிய மயக்கம்தான், இரண்டு மணித்தியாலம் அசையாமல் கிடக்கட்டும் என்றாராம்.

அப்போது வெளியே ஆட்டம் தொடங்கக் கொம்பு ஊதினார்கள். நீட்டுக் கொம்பு, நெஞ்செலும்பு அதிர்ந்தது. ஒல்லிப் பிக்கு முகமூடியை மாட்டிக்கொண்டு ஓடினார். வதனியின் தலை தானாகவே வாசல் பக்கம் திரும்பியது.

நான் அதைக் கண்டேன். ஒரு மனிசன் என்றால் அந்த இடத்தில் "நீர் போய்ப் பாரும்" என்றுதான் சொல்லுவான். நான் அவளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வதனி, என்னை விட்டிட்டுப் போகாதையும். இதுதான் கடைசியோ தெரியாது."

அவள் என்னைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு நோர்புவைப் பார்த்து, "இவர் செத்துப்போவாரோ?" என்று கேட்டாள். நோர்பு கிழவரைக் கேட்டார். கிழவர் பல்லில்லாத வாயால் சிரித்துத் தலையாட்டினார், இல்லை என்று.

"அப்ப சரி," என்றாள் வதனி. கம்பளியைக் கழுத்துவரை இழுத்து மூடிவிட்டாள். "ஒன்பது வயசில இருந்து காத்துக்கொண்டிருக்கிறன். பேசாமல் படுங்கோ." போய்விட்டாள்.

முதலில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என்ன பெண் இவள், கட்டின புருசன் சாகக்கிடக்கிறான் என்று கம்பளிக்குள் பொருமினேன். வெளியே மேளமும் தாளமும் கேட்டது. இடைக்கிடை சனம் "ஓ" என்று மூச்சு விட்டது. அப்படியே கேட்டுக்கொண்டு கிடக்கக் கிடக்க வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதையும் நான் பறிக்கப் பார்த்தேனே.

இரண்டு மணித்தியாலம் கழித்து வந்தாள். மூக்குச் சிவந்து, கன்னமெல்லாம் கண்ணீர் காய்ந்து இருந்தது. "எப்பிடி?" என்று கேட்டேன். அப்படியே பூட்ஸும் ஜக்கெற்றுமாகக் குசினி நடுவில் நின்று, ஒற்றைக் காலில் மெல்லச் சுழன்று ஆடிக் காட்டினாள். சமையல் செய்த பிக்குமார் அகப்பையோடு நின்று கைதட்டினார்கள். லடாக்கில் நான் பார்த்த நடனம் அதுதான். பார்த்த இடமும் அந்தக் குசினிதான்.

இப்போது ஸ்காபரோவுக்குக் கிழக்கே அஜக்ஸ் என்ற ஊரில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது. நான் தலையிடி, முதுகு நோ என்று சோபாவில் சாய்ந்து முனகினால் போதும், மேல் மாடியிலிருந்து கத்துவாள்: "அம்மா, டுடே டான்ஸ் இருக்கோ?" கலியாண வீடுகளில் முன்பின் தெரியாத அன்ரிமார் வந்து, "எமனோட கதைச்ச தம்பி நீங்கள்தானே?" என்று கேட்கிறார்கள். நிர்வாகசபைத் தலைவர் காதிலும் விழுந்துவிட்டது. நல்ல சுகமாக இருக்கிறார். என்னோடு கதைப்பதில்லை.

போன மாரியில் சிறுநீரகக் கல் வந்து என்னை எமேர்ஜென்சியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பகல் முழுக்க வதனி பக்கத்துப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். சாப்பிடவும் எழும்பவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை வருசத்தில் நானும் கொஞ்சம் திருந்தியிருக்கிறேன் என்று காட்டவேண்டாமா?

"நீர் வீட்டை போம். நான் தனியச் சமாளிப்பன்," என்றேன்.

போனில் இருந்து தலை நிமிராமலே என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருக்கிறன். இண்டைக்கு ஒரு இடத்திலயும் டான்ஸ் இல்லை."

கல் குத்தக் குத்தச் சிரித்தேன். நோவு பத்துக்கு எத்தனை என்று கேட்க வந்த நேர்ஸ், ஒன்றும் எழுதாமல் திரும்பிப் போனாள்.