துணைக் குறுக்கீட்டாளர் நியமன ஆணை

இணையக் கலை படைப்பதற்கு ஒரு கலைஞருக்கு மூன்று தேவை என்று நகர அலுவலகத்தின் கையேடு சொல்கிறது: நல்ல கணினி, தடையற்ற இணைப்பு, தனி அறை. என் பக்கத்து வீட்டு லோர்னா ஃப்ரீசனிடம் மூன்றுமே கிடையாது. அவளிடம் இருந்தது நான்கு விசைகள் காணாமல் போன ஒரு பழைய லேப்டாப். அதை ஃப்ரிட்ஜின் தலைமேல் வைத்திருந்தாள். அந்த வீட்டில் அங்கேதான் வைஃபை எட்டும். மகளின் கை எட்டாது.

வினிபெக்கில் எங்கள் இரட்டை வீட்டுக்குக் கூரை ஒன்று, நடுச்சுவரும் ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் லோர்னா, பனிவாரி வண்டி ஓட்டும் அவள் கணவன் டுவெயின், மகள் மேபெல். இந்தப் பக்கம் நானும் என் டீயும். சுவர் மெல்லியது. அவர்கள் வீட்டுச் சண்டைகளில் நான் பேசியதில்லையே தவிர, கலந்துகொள்ளாமல் இருந்ததில்லை.

லோர்னாவின் படைப்பு இதுதான். சமையலறை ஜன்னலில் ஒரு சின்னக் கேமரா. எங்கள் வீட்டுப் பின்சந்து நாள் முழுக்க அதன் வழியே அவளுடைய இணையப் பக்கத்தில் தெரியும். அந்தச் சந்தில், அவள் பென்சிலால் வரைந்த மனிதர்கள் நடந்து போவார்கள். நூடுல்ஸ் வேகும் நேரத்தில், காலியான சீரியல் அட்டைகளின் பின்புறத்தில் வரைந்த மனிதர்கள். மூன்று வருட உழைப்பு. தினமும் ஒன்பது பேர் பார்த்ததாகக் கணக்கு காட்டும். அதில் ஐந்து தடவை பார்த்தது லோர்னா. "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று நானும் பலமுறை பாராட்டியிருக்கிறேன். அதற்காகப் பார்க்க வேண்டும் என்று அவசியமில்லையே.

குறை ஒன்றே ஒன்று. மைக்ரோவேவ் ஓடினால் வைஃபை தடுமாறும். பக்கம் முழுக்க ஊதாவும் பச்சையுமாகக் கோடுகள் ஓடி, படத்தையும் மனிதர்களையும் அழித்துவிடும்.

இந்த நிலையில் நகர எண்மப் பண்பாட்டு ஊக்குவிப்பு அலுவலகம் குளிர்காலக் கண்காட்சியை அறிவித்தது. லோர்னா முப்பத்தொரு பக்க விண்ணப்பத்தை நிரப்பினாள். 'பணியிடத்தின் பரப்பளவு' என்ற இடத்தில், 'ஃப்ரிட்ஜின் மேல், இரண்டடிக்கு இரண்டடி' என்று உண்மையை எழுதிவிட்டாள். ஆகவே நேரில் ஆய்வு செய்ய திரு. எல்வுட் கிரிம்ஷா வந்தார். வாசலில் பூட்ஸைக் கழற்றினார். உள்ளே சாக்ஸ் இல்லை. மைனஸ் முப்பதில் சாக்ஸ் போடாமல் வருகிறவர் கலைத்துறையில் பெரிய அதிகாரி என்று தெரிந்துகொள்ளலாம். இரவல் வாங்கிய பனி மண்வெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போன நானும் ஓரமாக நின்றுகொண்டேன்.

"குடும்பச் சூழல் படைப்பைப் பாதிக்குதான்னு பாக்கணும் மேடம். விதி அப்படி."

"பாதிக்காம? அதோ, அடுப்புல நூடுல்ஸ் பொங்குது பாருங்க."

கிரிம்ஷா தன் டேப்லெட்டில் பக்கத்தைத் திறக்கவும், வேலை முடிந்து டுவெயின் உள்ளே வரவும் சரியாக இருந்தது. பசியோடு வந்தவன், யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், ஒரு தட்டு பெரோகியை, அதாவது உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டையை, மைக்ரோவேவில் தள்ளி அழுத்தினான். டேப்லெட்டில் கோடுகள் ஓடின.

"அடப் பாவி, இப்பவா!" என்றாள் லோர்னா.

"நிறுத்தாதீங்க!" கிரிம்ஷா எழுந்தே விட்டார். "இது என்ன?"

"பெரோகி. நேத்து மீந்தது," என்றான் டுவெயின். "உங்களுக்கும் வேணுமா சார்?"

"இந்தக் கோட்டைக் கேக்கறேன்! பிம்பத்தின் மீது இல்லறம் தொடுக்கிற போர்!"

"ரெண்டு நிமிஷம் பொறுங்க, போயிடும்," என்றாள் லோர்னா கெஞ்சலாக. "அப்புறம் என் ஆளுங்க நடந்து வருவாங்க. அதுதான் சார் என் வேலை."

"எந்த ஆளுங்க?" என்றார் கிரிம்ஷா. பெரோகி சூடாகி மணி அடிப்பதற்குள் அவர் டேப்லெட்டை மூடிவிட்டார்.

பத்தாம் நாள் ஆணை வந்தது. மேற்படி படைப்பு 'இல்லறக் குறுக்கீடு' என்னும் தலைப்பில் தேர்வு பெற்றிருப்பதாகவும், குறுக்கீடு நாளொன்றுக்குப் பன்னிரண்டு முறைக்குக் குறையாமலும், அவற்றுள் ஒன்று மாலை ஆறு பத்துக்குத் தவறாமலும் நிகழ வேண்டும் என்றும், வெறுந்தட்டைச் சூடாக்குவது மோசடியாகக் கருதப்படும் என்றும் இதன்மூலம் அறிவிக்கப்பட்டது.

டுவெயின் கலைக்காகப் பன்னிரண்டு வேளை சாப்பிட்டான். பனிவாரி வண்டியின் சீட் பெல்ட் அவனுக்கு எட்டாமல் போயிற்று. ஊரிலோ கோடுகள் நாகரிகமாகிவிட்டன. காபிக் கடைகளில் ஆறு பத்துக்கு எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு ஃபோனைப் பார்த்தார்கள். ஊதாவும் பச்சையும் கோடு போட்ட மஃப்ளர் இல்லாதவர்களைக் கொஞ்சம் பரிதாபமாகவும் பார்த்தார்கள்.

மூன்றாம் வாரம் லோர்னாவின் மைக்ரோவேவ் உயிரை விட்டது. புதிதாக வாங்கியது ஒழுங்கானது. ஆறு பத்துக்கு ஒரு கோடுகூட வரவில்லை. படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. சுவருக்கு அப்பால் லோர்னா குதித்துக் கூத்தாடுவது எனக்குக் கேட்டது. இரண்டே நாளில் கிரிம்ஷாவின் குரலும் கேட்டது.

"ஆறு பத்துக்குப் படம் தெளிவாத் தெரியுதுன்னு நாப்பத்தேழு புகார் வந்திருக்கு மேடம்."

"நல்லதுதானே சார்?"

"நல்லதுதான். ஆனா நாங்க தேர்ந்தெடுத்தது அதை இல்லையே."

திடீரென "வருதே! கோடு வருதே!" என்று அவரே கத்தினார். அடுத்த நிமிடம் என் கதவு தட்டப்பட்டது. வெறுங்காலோடு படியில் நின்றார்.

"நீங்க இப்ப என்ன செஞ்சிட்டு இருந்தீங்க?"

"மைக்ரோவேவ்ல டீ சூடாக்கிட்டு இருந்தேன்," என்றேன் பயந்துபோய்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"பத்துப் பதினஞ்சு இருக்கும்."

"அத்தனை டீயா?"

"ஒரே டீதான் சார். குடிக்க மறந்துடறேன், ஆறிப்போயிடுது."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

துணைக் குறுக்கீட்டாளராக நான் நியமிக்கப்பட்டேன். கழுத்தில் மாட்டிக்கொள்ள, புகைப்படத்துடன் அடையாள அட்டை. முப்பது வருடம் தபால் பிரித்தவன் நான். ஓய்வு பெற்ற அன்று ஒரு கேக் வெட்டினார்கள். அதிலும் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். அந்த அட்டையை நான் குளிக்கும்போது மட்டும் கழற்றினேன்.

கண்காட்சியின் அதிகாரபூர்வத் தொடக்க விழாவுக்கு முதல் நாள் லோர்னா வந்தாள். குளிருக்கு மேலங்கிகூடப் போடாமல் படியேறி வந்திருந்தாள்.

"சேது, நாளைக்கு ஊரே பாக்கப் போகுது. ஆறு மணியிலிருந்து ஆறரை வரைக்கும் டீ சூடாக்காதீங்க. ஒரே ஒரு நாள். என் ஆளுங்களை ஒரு தடவையாவது யாராவது பாக்கட்டும்."

"அதுக்கென்னம்மா, டீதானே!" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

மறுநாள் ஆறு எட்டுக்கு ஃபோனில் பக்கத்தைத் திறந்தேன். நாலாயிரம் பேர். 'கோடு எங்கே?', 'கோடு எங்கே?' என்று கீழே செய்திகள் கொட்டிக்கொண்டிருந்தன. நானும் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஆறு ஒன்பதுக்கு கிரிம்ஷா அழைத்தார்.

"மிஸ்டர் சேது, நகரம் உங்களை நம்பி இருக்கு."

யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. டீயும் உண்மையிலேயே ஆறித்தான் இருந்தது. முப்பது விநாடிதான் வைக்க நினைத்தேன். இரண்டு நிமிடம் வைத்தேன்.

ஃபோனில் கைதட்டல் பொழிந்தது. சுவருக்கு அப்பால் ஒரு நாற்காலி நகர்ந்தது.

வியாழக்கிழமை காலை, மறுசுழற்சித் தொட்டியை இழுத்துக்கொண்டு பின்சந்துக்குப் போனபோது லோர்னா எதிரே வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "குட் மார்னிங் சேது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குள் வந்து, குறுக்கீட்டு நேரம் இல்லாத ஒரு நேரத்தில், முதல் முறையாக அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

சந்து. பனி. பென்சில் மனிதர்கள் நடந்து வந்தார்கள். நாய்க்குக்கூட பூட்ஸ் போட்டுவிட்ட ஒரு பெண். பின்பக்கமாக நடந்து விளையாடும் பள்ளிப் பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால், பச்சைக் குல்லாயோடு நீலத் தொட்டியை இழுத்துக்கொண்டு ஒரு கிழவர். சந்து முனையில் நின்று, திரும்பி, சமையலறை ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார். வியாழக்கிழமைதோறும் அப்படிச் செய்கிறவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். மூன்று வருடமாக நான் அங்கே நடந்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஆட்டிய கையில் புதிதாக ஒன்றை வரைந்து சேர்த்திருந்தாள். பென்சில் கோடு இன்னும் கருப்பாக இருந்தது. ஒரு டீ கப்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அழுகையும் வந்தது. அதற்குள் மணி பத்து நாற்பது ஆகிவிட்டது. அட்டவணையில் எனக்குள்ள நேரம். டீயும் ஆறிப்போயிருந்தது. அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டு எழுந்தேன். திரையில் கிழவர் கையை ஆட்டி முடிப்பதற்குள் கோடுகள் வந்துவிட்டன.