குதிரைப் படத்தில் முடிந்த சம்பந்தம்

கோட்டை பைரவர் துணை

திருமயம்,
கார்த்திகை, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பி திருப்பதிக்கு,

அக்கா சொர்ணவல்லி பைரவருக்கு விளக்கேற்றி வைத்துவிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மச்சானும் மகள் வனிதாவும் அவன் அருளால் சுகம். அங்கே குவைத்தில் நீயும் உன் அறையில் சமைக்கிற சார்லஸ் தம்பியும் சுகமாக இருக்க வேண்டும். உன் இடுப்பு வலி மட்டும் சுகமாக இருக்க வேண்டாம். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "சிக்னல் இல்லக்கா" என்று நழுவி விடுகிறாய். அதனால் தாளில் எழுதி, அதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்ப வனிதாவிடம் சொல்லியிருக்கிறேன். தாளுக்கு சிக்னல் போகாது. உட்கார்ந்து படி.

உன் மகன் கவியரசனுக்குப் பெண் பார்க்கிற பொறுப்பை என் தலையில் இறக்கிவிட்டு நீ பிளேன் ஏறிவிட்டாய். பொன்னமராவதி உரக்கடை ரெங்கசாமியின் மகள் இளமதியை ஆடிக்கு முன்னால் போய்ப் பார்த்தோம். ஜாதகம் கூடியது, குணம் கூடியது, பிள்ளைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று ரெங்கசாமி கேட்டார். சென்னையில் கம்ப்யூட்டரில் பொம்மைப் படம் செய்கிறான் என்றேன். கம்ப்யூட்டர் என்ற வார்த்தை வரைக்கும் அவர் முகம் மலர்ந்துதான் இருந்தது. பொம்மை வந்ததும் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய அக்கா மருதாயி சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம். அந்த அம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பொம்மை வரையிறதுக்குச் சம்பளமா? எங்க கடைச் செவுத்துல யூரியா மூட்டை வரைஞ்சவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தோம், குடிச்சிட்டுப் போயிட்டான்." நான் வெற்றிலைத் தட்டை அந்த அம்மாள் பக்கம் நகர்த்தி வைத்தேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யோசிப்பதில்லை என்பது உனக்கே தெரியும்.

இப்படி நாலு மாதம் போனபின், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு போஸ்டர் பார்த்தேன். 'ஏழு கடல் குடும்பம்' என்று பெயர், எல்லாம் பொம்மைப் படம். ஒரு குயவர் குடும்பம் அய்யனார் கோயில் மண்குதிரை மேல் ஏறிக் கடலைத் தாண்டுகிறது. தமிழில் இந்த மாதிரிப் படம் வருவதே அபூர்வம், வந்த ஒன்றும் நம் பிள்ளை செய்ததாகத்தானே இருக்கும்? அவனும் ஆடியில் என்னிடம் "ஒரு குடும்பம், கடலு, சாகசம், எல்லாம் கம்ப்யூட்டர்லதான் அத்தை" என்று சொல்லியிருந்தான். அங்கேயே நின்று போன் போட்டேன். எடுக்கவில்லை. "வேலையா இருக்கேன் அத்தை" என்று மெசேஜ் மட்டும் வந்தது. படம் வெளியான அலைச்சல் என்று நானாக முடிவு செய்து பொன்னமராவதிக்குச் சொல்லி அனுப்பினேன். மாப்பிள்ளையின் வேலையை நேரில் பார்த்துவிட்டு யோசியுங்கள் என்றேன். இரண்டு குடும்பமும் சேர்ந்து போக வேனும் பேசிவிட்டேன். அந்தச் செலவைச் சினிமா என்று எழுத மனம் வராமல், போஸ்டரில் கருப்பரும் இருந்ததால், கணக்கு நோட்டில் கோயில் செலவுப் பக்கத்தில் எழுதினேன்.

படத்துக்குக் கிளம்புகிற அன்றைக்குக் காலையில் பேப்பரைப் பிரித்தால் விமர்சனம்: குழந்தைகளுக்குப் புரியாது, பெரியவர்களுக்குத் தேவையில்லை. பேப்பரை மடித்து வேனில் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். தியேட்டர் ஜன்னலில் இருந்தவன், ஆள் சேர்ந்தால்தான் ஷோ, இல்லையென்றால் பக்கத்து ஸ்கிரீனில் சண்டைப் படம் ஓடுகிறது, அங்கிட்டுப் போங்கள் என்றான். நாங்கள்தான் ஆள் என்றேன். எங்களைத் தவிர, ஏசிக்காக வந்து தூங்கிக்கொண்டிருந்த காலேஜ் பையன்களும், கைக்குழந்தையோடு ஒரு புருஷன் பெண்டாட்டியும் இருந்தார்கள். கருப்பர் வருகிற இடத்தில் செருப்போடு உட்காரலாமா என்று எல்லாரையும் வாசலிலேயே கழற்ற வைத்தேன். கருப்பர் வந்து போகிறவரை வாயில் ஒன்றும் போடக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். பாவம் ரெங்கசாமி, ஆசையாக வாங்கிய பாப்கார்ன் டப்பாவை முளைப்பாரி மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இடைவேளை வரை படம் யாரையும் அசைக்கவில்லை. ரெங்கசாமி குறட்டை விட்டார். மருதாயி படத்தில் வருகிறவர்களை ஒவ்வொருவராகக் குறை சொல்லிக்கொண்டு வந்தாள். "அந்தப் புள்ளைக்குக் கண்ணு ஏன் இம்புட்டுப் பெருசா இருக்கு, தைராய்டா இருக்கும், யாராச்சும் டாக்டர்கிட்ட காட்டக் கூடாதா" என்றாள். கைக்குழந்தை மட்டும் சிரித்தது. அதுவும் திரையைப் பார்த்து அல்ல, உன் மச்சான் வழுக்கையைப் பார்த்து. பைரவா, இந்தச் சம்பந்தத்தை முடித்துக் கொடு, வடைமாலை சாத்துகிறேன் என்று நான் இருட்டில் வேண்டிக்கொண்டேன்.

இடைவேளைக்குப் பிறகுதான், தம்பி, அந்த இடம் வந்தது. இடி இடிக்கிறது, எங்கோ உடுக்கைச் சத்தம். கோயிலில் நிற்கிற மண்குதிரைக்கு முதலில் ஒரு காது அசைகிறது. பிறகு மூக்கு விடைக்கிறது. காலில் ஒட்டியிருந்த மண் பொல பொலவென்று உதிர, அது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு எழுகிறது, மேலே அரிவாளோடு கருப்பர். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்தில் மருதாயி ஒரு கொட்டாவி விட்டாள், அடுத்து இன்னொன்று. நமக்குத் தெரியாதா, அது தூக்கக் கொட்டாவி இல்லை, சாமி இறங்குகிற கொட்டாவி. கொண்டை அவிழ்ந்தது. எழுந்தவள் திரைக்கு முன்னால் போய் நின்று ஆட ஆரம்பித்துவிட்டாள். தூங்கின பையன்கள் எழுந்து செல்போனைத் தூக்கினார்கள். தியேட்டர்காரர்கள் பயந்துபோய்ப் படத்தை நிறுத்தி லைட்டைப் போட்டார்கள். சாமிக்குக் கோபம் வந்துவிட்டது.

"எவன்டா வெளிச்சத்தப் போட்டது? எங்குதிரைய ஓட விடுங்கடா."

மறு நிமிஷம் லைட் அணைந்து குதிரை ஓடியது. இடுப்பில் எப்போதும் இருக்கிற விபூதிப் பையை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். சாமி இறங்கியிருக்கும்போது கேட்காமல் வேறு எப்போது கேட்பது? "சாமி, இந்தக் குதிரைய செஞ்சவன் எங்க வீட்டுப் புள்ள. இவுக வீட்டுல பொண்ணு கேட்டிருக்கோம். கூடுமா, கூடாதா?" என்று கேட்டேன்.

மருதாயி என்னைப் பார்க்கவில்லை. நேராகத் தன் தம்பியைப் பார்த்தாள்.

"அடேய் ரெங்கசாமி. மண்ணாக் கெடந்த எங்குதிரைக்கு உசுரு குடுத்த கையிடா அது. அந்தக் கையில உம்மகளப் புடிச்சுக் குடு. யோசிக்கிறேன், யோசிக்கிறேன்னு எந்நேரமும் என்னடா யோசன?"

தூக்கத்திலிருந்து எழுந்த ரெங்கசாமி நேரே வந்து காலில் விழுந்தார். மடியிலிருந்த பாப்கார்ன் பொரி போடுவது போல எல்லார் தலையிலும் விழுந்தது. விபூதி வாங்கக் காலேஜ் பையன்களும் வரிசையில் நின்றார்கள்.

படம் முடிந்து பெயர்கள் ஓடியபோது யாரும் கிளம்பவில்லை, கை கூப்பி நின்றோம். பஸ் போர்டு பார்த்துப் பார்த்தே நானாக இங்கிலீஷ் எழுத்துக் கூட்டக் கற்றவள் நான். ஆனால் எந்த பஸ்ஸும் அந்த வேகத்தில் போனதில்லை. குத்துமதிப்பாக ஓரிடத்தில் "அந்தா போகுது கவியரசன்" என்றேன். எல்லாரும் பார்த்தேன் பார்த்தேன் என்றார்கள். உன் மச்சான்கூடப் பார்த்தாராம், அவர் கண்ணாடி வீட்டில் டிவி மேல் இருந்தது. இளமதி மட்டும் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் கடைசி வரி வரை பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தால் மைக்கை நீட்டிக்கொண்டு ஒரு யூடியூப்காரர், படம் எப்படியம்மா என்று மருதாயியைக் கேட்டார். "நான் எங்கப்பா பாத்தேன், சாமில்ல பாத்துச்சு" என்றாள். அது நாடு பூராவும் ஓடிவிட்டது, உன் குவைத்துக்கும் வந்திருக்கும். மறுநாளிலிருந்து தியேட்டரில் இடமில்லை. வாசலில் எலுமிச்சம்பழக் கடை வந்துவிட்டது, செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்று போர்டும் வந்துவிட்டது. தேவையில்லை என்று எழுதின அதே பேப்பர், மண்ணின் மரபில் வேரோடிய காவியம் என்று எழுதியது. அதே படம், அதே குதிரை. நடுவில் ஆடினது மருதாயி மட்டும்தான். பழைய பேப்பர் விமர்சனத்தை மட்டும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன், அடுத்த படத்துக்கு உதவும்.

அன்றைய களேபரத்தில் செருப்புகள் மாறிவிட்டன. உன் மச்சான் ரெங்கசாமியின் செருப்போடு வந்துவிட்டார். அதை மாற்றிக்கொள்ள என்று ஞாயிற்றுக்கிழமை வந்த ரெங்கசாமி வெறுங்கையோடு வரவில்லை, பழத்தட்டோடு வந்தார். பொங்கல் முடிந்த முதல் முகூர்த்தத்தில் நிச்சயம். நீ இப்போதே லீவு எழுதிக் கொடு.

உன் மகன் கையில் கருப்பரே குடியிருக்கிறார் என்று மனம் நிறைந்து சொல்கிறேன். நீயும் உன் வம்சமும் நோய்நொடி இல்லாமல் தழைக்க வேண்டும். சார்லஸ் தம்பிக்கு என் ஆசி, குழம்பில் உப்பைக் குறைக்கச் சொல்.

இப்படிக்கு,
என்றும் உன் நல்லதையே வேண்டும் அக்கா,
சொர்ணவல்லி

பின்குறிப்பு: தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வைக்கிற நேரத்தில் உன் மகன் போன் செய்தான். "அத்தை, அது நாங்க செஞ்ச படம் இல்ல, வேற கம்பெனி. எங்க படம் பொங்கலுக்குத்தான் வருது" என்கிறான். அவன் படத்தில் சாமியும் இல்லை, குதிரையும் இல்லை. ஓர் ஆமைக் குடும்பம் அந்தமானுக்குப் போகிறதாம். ஆமையும் அவன் வேலை இல்லையாம், அலையில் வருகிற நுரை மட்டும்தான் அவனுடையதாம். மஞ்சள் கையோடு தாளை ஓரமாக வைத்தேன். பெண்ணுக்காவது முதலில் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று இளமதிக்குப் போன் போட்டேன்.

"தெரியும் பெரியம்மா," என்றாள்.

"எப்ப இருந்து ஆத்தா தெரியும்?"

"ஆடியில இருந்து தெனமும் எங்கிட்ட நுரையப் பத்தித்தான் பேசுறாரு. எந்தப் படம்னு எனக்குத் தெரியாதா? ஒருவேளை இதுலயும் அவரு பேரு இருக்குமோன்னு கடைசி வரைக்கும் படிச்சேன், இல்ல. சாமியே ஒத்துக்கிருச்சு, நீங்க எதுக்கு எடையில?"

உன் மகன் என் போனை எடுக்காமல் பார்த்த வேலை என்ன வேலை என்று இப்போதுதான் விளங்கியது. ரெங்கசாமியிடம் சொல்வதா வேண்டாமா என்று பைரவர் முன்னால் பூக்கட்டி வைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்று வந்தது. ஒரு தடவைதான் பார்த்தேன், மறுபடி பார்க்கவில்லை. வேன் செலவு கோயில் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆனால் மாப்பிள்ளையின் அடுத்த படத்துக்குப் பொன்னமராவதித் தெருவையே கூட்டிப் போகப் போவதாக மருதாயி சொல்லிவிட்டாள், எலுமிச்சை மாலைகூடச் சொல்லி வைத்தாயிற்று. படம் பொங்கலுக்கு, நிச்சயம் அதற்குப் பிறகு. ஆகவே லீவு கிடக்கட்டும், முதலில் உன் மகனிடம் பேசு. அந்த நுரைக்குள் எங்காவது ஒரு குதிரையை நிறுத்தச் சொல். முழுக் குதிரை வேண்டாம், வால் தெரிந்தாலே மருதாயிக்குப் போதும்.