நெஞ்சில் குழந்தை, தரையில் வேட்டி

கோழிப்பண்ணைக்காரனுக்கு எதைப் பார்த்தாலும் குஞ்சாகத்தான் தெரியும். அதில் நான் கொஞ்சம் முற்றிய கேஸ்.

என் மகள் ஒரு மாதம் முந்திப் பிறந்துவிட்டாள். உள்ளங்கை அகலம்தான் இருந்தாள். உடம்பில் சூடு நிற்கவில்லை. ஆபரேஷன் ஆன என் மனைவி கவிதாவுக்கோ காய்ச்சல். "அப்ப நீங்க சட்டையைக் கழட்டுங்க" என்றார் ஆஸ்பத்திரி நர்ஸ்.

"நானா? எதுக்குங்க சிஸ்டர்?"

"கொழந்தையை வெறும் நெஞ்சுல போட்டு அணைச்சுக்குங்க. அப்பா உடம்புச் சூடே போதும்."

எனக்குத் தெரியாத சூடா? "எங்க பண்ணையில குஞ்சுக்குப் பல்பு போடுவோமுங்க" என்று பெருமையடித்தேன்.

"இங்க பல்பு நீங்கதானுங்க. பேசாம உக்காருங்க."

இடுப்பில் வேட்டி மட்டும். நாற்காலியில் சாய்ந்தேன். மகளை என் நெஞ்சில் குப்புறப் படுக்க வைத்து, மேலே துணியைச் சுற்றிவிட்டு, நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனார். முதலில் கீச்கீச்சென்று கத்தினாள். எனக்கு நிம்மதி. (கத்துகிற குஞ்சு பிழைத்துக்கொள்ளும், இது பண்ணைப் பாடம்.) பிறகு சட்டென்று சத்தம் நின்றது. கண் மூடியிருந்தது. கை தொங்கியது.

பண்ணையில் இப்படிச் சுணங்கித் தலை சாய்ந்து செத்த குஞ்சுகளை எத்தனை பார்த்திருக்கிறேன்! ஒரு குரல் கொடுத்தால் நர்ஸ் வந்திருப்பார். அந்த அறிவெல்லாம் எனக்கு ஏது? "ஐயோ, எம்புள்ள சுணங்கிப் போச்சே!" என்று அலறிக்கொண்டு வராந்தாவில் ஓடினேன்.

வேட்டி பாதி வழியில் விடைபெற்றுக்கொண்டது. பிடிக்கக் கை இல்லை; இரண்டும் மகளிடம் இருந்தன. பட்டாபட்டி டவுசரோடு நான் லிஃப்ட் முன்னால் போய் நிற்கவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. உள்ளே ரொட்டி, சாத்துக்குடிப் பையோடு மாமனார். அவர் பின்னால், வெண்ணந்தூரிலிருந்து வேன் பிடித்து வந்த கவிதாவின் சனம். (கல்யாணத்தில் எனக்கு மாலை போட்டு மரியாதை செய்த அதே சனம்.)

"மாப்ள, என்னாச்சுங்க?"

"பேச்சு மூச்சு இல்லீங்க மாமா!"

துரத்தி வந்த நர்ஸ் துணியை விலக்கிப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். "தூங்குதுங்க! பொறந்ததுல இருந்து இப்பத்தான் நல்லாத் தூங்குது. உடம்பு கதகதன்னு இருக்குது, தொட்டுப் பாருங்க!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்படியே நின்று அழுதேன், டவுசரோடு. மாமனார் பையைக் கீழே வைத்தார். போய் வேட்டியை எடுத்து வந்து என் இடுப்பில் சுற்றினார். "புள்ளைய விட்றாதீங்க மாப்ள, நான் கட்டறேன்" என்றார். மாமனார் கையால் வேட்டி கட்டிக்கொண்ட மருமகன் எங்கள் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. போன மாதம் கவிதாவின் தம்பிக்கு எடை குறைவாக ஒரு பையன் பிறந்தான். அதே ஆஸ்பத்திரி, அதே நர்ஸ்.

"நீங்களும் கொழந்தையை நெஞ்சுல போட்டுக்கோணும். ஆனா பேண்ட் போட்டு, பெல்ட்டும் கட்டிட்டு வாங்க. இங்க எல்லா அப்பாவுக்கும் அதான் சட்டம்" என்றார்.

எதற்கு என்று மச்சினன் கேட்கவில்லை. அன்றைக்கு லிஃப்டில் அவனும் இருந்தான்.