ரைஸ்மில் ஏகாம்பரத்துக்குக் கண்ணீர் அஞ்சலி

சொந்தத் தாய்மாமன் இறந்தபோது என் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ரைஸ்மில் ஏகாம்பரம் இறந்தபோது விக்கி விக்கி அழுதேன். ஏகாம்பரம் எனக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. டி.வி. சீரியலில் வந்துகொண்டிருந்த வில்லன்.

லேசுப்பட்ட வில்லன் இல்லை. அண்ணன் பங்கை அமுக்கியவர். மருமகளைக் கைக்குழந்தையோடு வீட்டை விட்டுத் துரத்தியவர். ஆனால் அதே மருமகளுக்கு ஆபரேஷன் என்றதும் பெயர் சொல்லாமல் போய் ரத்தம் கொடுத்தவரும் அவர்தான். கடைசி எபிசோடில் இன்சூரன்ஸுக்காகத் தன் மில்லுக்குத் தானே தீ வைத்தார். உள்ளே மருமகள் மாட்டிக்கொண்டிருப்பது தெரிந்ததும் பாய்ந்து போய் அவளை வெளியே தள்ளிவிட்டு, தான் வெந்துபோனார்.

"வெச்ச நெருப்புலயே போனான். ஒழிஞ்சான்" என்று அம்மா சோறு வடிக்கப் போய்விட்டாள். நைனா மட்டும் துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டே, "கெட்டவன்தான்டா. ஆனா இன்னா மனுசன்" என்றார்.

அப்போது நான் செஞ்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். (டிசைனர் என்றால், ஒருவர் தலையை வெட்டி இன்னொருவர் கோட்டு சூட்டில் ஒட்டுகிறவன்.) துக்கம் தாங்காமல் மறுநாள் ஏகாம்பரத்துக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்தேன். டி.வி.யிலிருந்து போனில் பிடித்த படம் மங்கலாக இருந்ததால் கறுப்பு வெள்ளையாக்கி, நெற்றியில் விபூதி பூசி, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வைத்து, அதற்கும் பின்னால் ராஜகிரிக் கோட்டையை நிறுத்தினேன். (கல்யாணமோ கருமாதியோ, என் டிசைனில் கோட்டை இல்லாமல் இருக்காது.) "குடும்பத் தலைவரை இழந்து வாடும்" என்று போட்டு, கீழே நைனா பெயரும் என் பெயரும். தெருமுனை கரண்ட் கம்பத்தில் கட்டிவிட்டு, பெரிய கலைஞன் என்ற நினைப்போடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் தளவானூரிலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை. இத்தனைக்கும் அந்தச் சம்பந்தம் எனக்கு உயிர். பெண் பார்க்கப் போன அன்று சுகந்தி என் சட்டையில் இருந்த பிரிண்டர் மையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காக ஆயுசு முழுக்க மையோடு திரியலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தெருமுனையில் வேன் வந்து நின்றது. ஆனால் யாரும் வரவில்லை. பேனரைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுப் பெரியவர் யாரோ போய்விட்டார் என்று நினைத்து, பூ பழத் தட்டுகளைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, பெண்கள் தலைப்பூவை எடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பி ரோஜா மாலை வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது.

நைனா வாசலில் நின்று பல் அத்தனையும் தெரிய, "வாங்க சம்பந்தி, வாங்க வாங்க" என்றார். சாவு வீட்டில் யாரையும் வாங்க என்று சொல்லக்கூடாது. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுகந்தியின் அம்மா, இழவு வீட்டில் கேசரி வாசம் வருகிற அதிர்ச்சியை விழுங்கிக்கொண்டு, நேராகச் சமையலறைக்குப் போய் என் அம்மாவைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதார். பெண்ணுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அம்மா அதைவிடச் சத்தமாக அழுதாள். கேசரி அடிபிடித்தது.

சுகந்தியின் அப்பா என்னைத் தனியாக அழைத்துப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "தைரியமா இருங்க மாப்ள."

கல்யாணத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "இருக்கறேன் மாமா."

"எல்லாருக்கும் ஒரு நாள் வர்றதுதான்."

"ஆமா மாமா. எனக்குத்தான் கொஞ்சம் லேட்டாயிடுச்சி."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எப்ப எடுக்கறீங்க?" என்றார்.

இரண்டு குடும்பமும் சேர்ந்து நிற்கிற மாதிரி ஒரு போட்டோவுக்கு என் சிநேகிதனைக் கேமராவோடு வரச் சொல்லியிருந்தேன். அதைத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"சொந்தக்காரங்கல்லாம் வந்துட்டா எடுத்துடலாம் மாமா. வெயிலுக்கு முன்னாடி எடுத்தாதான் மூஞ்சி நல்லா இருக்கும்."

அவர் மாலையோடு சுற்றுமுற்றும் பார்த்தார். "எங்க வெச்சிருக்கீங்க?"

"மொட்ட மாடியில வெச்சிதான் மாமா. பின்னால கோட்டை நல்லா தெரியும்."

மனிதர் ரெண்டடி பின்னால் போனார். பேனரைப் போனில் பிடித்திருந்த படத்தை மகளுக்கு அனுப்பி, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லப் போன் போட்டார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் அவர் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"நைனா, அது சீரியல்ல வர்ற ஏகாம்பரம்" என்றது சுகந்தியின் குரல். "முந்தாநேத்துதான் செத்தாரு."

வீடு முழுக்க மூச்சுவிட்டது. ஆனால் அந்தக் குரல் நிற்கவில்லை. "மருமவள கொழந்தையோட வெளிய தள்ளுனவனுக்கா கண்ணீர் அஞ்சலி?"

அவ்வளவுதான். சுகந்தியின் அப்பா நைனாவைப் பார்த்தார். "மருமவள தொரத்துனவன குடும்பத் தலைவர்னு போடற ஊட்டுக்கு எம்பொண்ண எப்பிடி சம்பந்தி அனுப்பறது?"

நியாயமான கேள்வி. நைனா வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "கடைசில நெருப்புல பூந்து காப்பாத்துனாருங்க."

"நெருப்ப வெச்சதே அந்தாளுதான?" என்றது போன்.

"உள்ள ஆள் இருக்கறது அவருக்குத் தெரியாதும்மா. அந்த மருமவளுக்கு ரத்தங்கூட குடுத்தாரு."

"ரத்தம் குடுத்தாரு, சரி. சொத்த குடுத்தாரா?" என்று சுகந்தியின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தார். அவர்கள் வீட்டில் அந்த நேரத்துக்கு வேறு சானல்; சுகந்தி மட்டும் தன் போனில் பார்ப்பாளாம். சீரியலை ஒரு நாள்கூடப் பார்த்திராதவர்கள்தான் அதிகமாகச் சண்டை போட்டார்கள். வேன் டிரைவர் மட்டும் எங்கள் கட்சி. என் கல்யாணம் ஏகாம்பரத்தின் நல்ல குணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அவரு சொல்லட்டும்" என்றாள் சுகந்தி. "ஏகாம்பரம் நல்லவரா, கெட்டவரா?"

(எந்த இன்டர்வியூவிலும் என்னை யாரும் இவ்வளவு கஷ்டமான கேள்வி கேட்டதில்லை.) அம்மா கரண்டியை ஆட்டி, கெட்டவன் என்று சொல்லு என்றாள். நைனா முறைத்தார். எனக்கோ அந்த எரிகிற மில் திரும்பக் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது.

"கெட்டவர்தாங்க" என்றேன். "ஆனா செத்தப்ப அழுதுட்டேன்."

போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நானுந்தான்" என்றாள் சுகந்தி.

தட்டுகள் சீட்டுக்கு அடியிலிருந்து வெளியே வந்தன. அடிபிடித்த கேசரியை எல்லோரும் சாப்பிட்டார்கள். வாங்கிய மாலை வீணாகக்கூடாது என்று மாமனாரே போகும்போது அதை ஏகாம்பரத்துக்குப் போட்டுவிட்டுப் போனார். அந்தப் பேனர் இப்போது எங்கள் வீட்டு விறகை மூடியிருக்கிறது.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று எந்த விசேஷமானாலும், போட்டோவுக்கு எல்லோரும் நின்றவுடன் மாமனார் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "எப்ப எடுக்கறீங்க மாப்ள?" என்பார். "வெயிலுக்கு முன்னாடி எடுத்துடலாம் நைனா, அப்பதான் மூஞ்சி நல்லா இருக்கும்" என்பாள் சுகந்தி. போட்டோகிராபர் சரியாக அந்த நேரம் பார்த்து அமுக்குவார். அதனால் எங்கள் ஆல்பங்களில் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி ஓரமாக நிற்பேன்.