கண்ணாயிரத்தின் கைக்கட்டு

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்தே கண்ணாயிரம் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தார். கரியாலூர் மலையிலிருந்து மச்சான் பிச்சைமுத்து இறங்கி வருகிறாராம். நேராகச் சபைக்கே வருகிறாராம்.

போன வருஷம் சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அன்பின் விருந்தில், "எங்க மாப்ள மூணாவது பந்தியிலயும் உக்காந்துட்டாரு டோய்!" என்று மச்சான் சிரிக்க, களமருதூர் சபையே சேர்ந்து சிரித்தது. அன்றோடு பேச்சு நின்றது. மனைவி அமிர்தத்துக்கு இருப்பதோ அந்த ஒரே அண்ணன். அவள் ஜெபத்தில் அழுதாள். இவர் இறங்கி வரவில்லை.

ஆனால் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிரசங்கத்துக்கு முன்னால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து "ஸ்தோத்திரம்" சொல்லியாக வேண்டும். நழுவினால் பாஸ்டர் மைக்கிலேயே பேர் சொல்லிக் கூப்பிடுவார்.

கண்ணாயிரம் யோசித்தார். பழைய வேட்டியைக் கிழித்து வலது கையில் சுற்றினார்.

"இன்னாங்க இது?" என்றாள் அமிர்தம்.

"சுளுக்கு. கெணத்தாண்ட வழுக்கிட்டேன். யாருக்கும் கை குடுக்க முடியாது."

"ஐயோ! ரொம்ப வலிக்குதா?"

"உசுரு போவுது."

"அப்ப கறி சாப்பிட முடியாதே, பாவம்!" அண்ணனுக்காக வைத்த குழம்பை மூடிவிட்டு, டம்ளரில் கஞ்சி கொடுத்தாள் அமிர்தம். மானம்தான் பெரிது என்று மனசைத் தேற்றினார். மூக்கு கேட்கவில்லை.

சபையில் அமிர்தம் கண்ணைக் காட்ட, மச்சான் வந்து பாயில் ஒட்டி உட்கார்ந்தார். கண்ணாயிரம் கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஸ்தோத்திரம் சொல்லும் நேரம் வந்தது. மச்சான் கையை நீட்டினார். இவர் சோகமாகக் கைக்கட்டைத் தூக்கிக் காட்டினார். தப்பித்தோம்!

பெண்கள் பக்கத்திலிருந்து அமிர்தம் எழுந்தாள். "பாஸ்டரய்யா, எங்க வூட்டுக்காரருக்குக் கை சுளுக்கு. உசுரு போவுதுன்றாரு. ஜெபிக்கணும்."

"பக்கத்துல இருக்கற சகோதரர் அந்தக் கையைப் புடிச்சிக்கினு ஜெபம் பண்ணட்டும்" என்றார் பாஸ்டர்.

மச்சான் இரண்டு கையாலும் அந்தக் கட்டுப்போட்ட கையை ஏந்திக்கொண்டார்.

"ஆண்டவரே, சோறு துன்றவரைப் பார்த்துச் சிரிச்சது என் வாயி. வலி அவரு கைக்கா? எனக்குக் குடுங்க. மாப்ளய வுட்டுடுங்க..." குரல் உடைந்தது.

கட்டுக்குள் இருந்த கண்ணாயிரத்தின் விரல்கள், அவரைக் கேட்காமலே, மச்சான் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

"ஐயா! கை அசையுது!" மச்சான் கத்தினார்.

"அல்லேலூயா!" சபை அதிர்ந்தது. இனி உண்மையைச் சொல்ல வழியேது? "ஸ்தோத்திரம், மச்சான்" என்று முனகினார்.

மத்தியானம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கண்ணாயிரத்தின் தட்டில் மூன்றாம் தடவையும் கறி விழுந்தது. மச்சான் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

மச்சான் கை கழுவப் போனதும், அமிர்தம் அந்தக் கட்டுத்துணியை நாலாக மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"அதை இன்னாத்துக்கு எடுத்து வைக்கிற?"

"இருக்கட்டுங்க. அடுத்த மாசம் எங்க சித்தப்பா வராரு. அவரோடயும் நீங்க பேசறதில்லையே!"