சிவப்பு கிளிப் பரீட்சை

உலகத்தில் ஒரேயொரு யோக்கியமான போட் மெக்கானிக்கைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் மறுவேலை என்று நஸீம் ஹாஜியார் சபதம் எடுத்தது ஒரு திங்கட்கிழமை காலையில், பல் தீட்டிக்கொண்டிருக்கும்போது. வாய் நிறைய நுரை. மனைவி கைரியாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கொப்பளித்துத் துப்பிவிட்டு இன்னொரு தரம் சபதம் எடுத்தார்.

"எடுங்க, எடுங்க. இருவதாந் தேதிக்கு முந்தி அந்த போட் முத்தத்த உட்டுப் போகோணும். அதையும் சேத்து எடுங்க" என்றாள் கைரியா.

நியாயமான பேச்சுத்தான். மகள் ஷஹ்மாவுக்கு இருபதாம் தேதி நிக்காஹ். மண்டபம் வேண்டாம், வீட்டு முற்றத்திலேயே வைப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் ஆசையாகக் கேட்டார்கள். கைரியாவும் வாக்குக் கொடுத்துவிட்டாள். வாக்குக் கொடுத்தாளே தவிர, கொடுக்க முற்றம் இருந்ததா? பல்லேகலையில் அவர்கள் வீட்டு முற்றம் முழுக்க, இழுக்கும் வண்டிமேல் ஏற்றிவைத்த இருபதடி மோட்டார்ப் படகு ஒன்று படுத்துக் கிடந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைச் சுற்றி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்துதான் வாசலுக்கு வர வேண்டும். மாப்பிள்ளையின் உம்மா கொஞ்சம் பருத்த மனுசி. அவர் எப்படி வருவார் என்பதுதான் கைரியாவின் பெரிய கவலை.

"இழுத்துக்கொண்டு பெய்த்து எங்கயாலும் வைங்களே" என்றாள்.

"ஓடாத போட்ட கேட்டுக்கு வெளிய இழுத்தா ஊரு என்ன செல்லும்? ஓடித்தான் போகும்!"

"ரோட்டுலயா?"

"விக்டோரியாவுல!"

விக்டோரியா நீர்த்தேக்கத்தில்தான் மானம் போனது. போன மாதம் தெல்தெனியக் கரையில் போட்டை இறக்கி, கைரியாவின் அண்ணன் இப்திகாரைக் குடும்பத்தோடு ஏற்றிக்கொண்டு ஹாஜியார் கிளம்பினார். நடுத் தண்ணீருக்குப் போனதும் எஞ்சின் ஓவென்று கத்தியது. போட் மட்டும் அசையவில்லை. "மச்சான், சத்தம் நல்லா ஈக்கு" என்றார் இப்திகார். கடைசியில் மீன் பிடிக்க வந்த ஒருவர் கயிறு போட்டுக் கரைக்கு இழுத்துவிட்டார். அந்தக் கயிற்றை இப்திகார் படம் பிடித்துச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பியும் வைத்தார்.

சரி, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதானே? கண்டியில் போட் மெக்கானிக்கைத் தேடுவது மன்னாரில் தேயிலைக் கொழுந்து தேடுவது மாதிரி. அப்படியும் நாலு பேர் இரண்டு பெயர் கொடுத்தார்கள். கஷ்டம் அதில் இல்லை. ஹாஜியாருக்கு யாரையும் நம்ப முடியாது. கண்டி டவுனில் அவருக்கு ஒரு சரக்குக் கடை. அந்தக் கடை மிளகுத்தூளில் மிளகு எவ்வளவு என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரியும். தான் திருடி அயல்வீட்டை நம்பாள் என்று சும்மாவா சொன்னார்கள்!

அதனால் ஒரு பரீட்சை வைத்தார்.

"கைரியா, இஞ்ச வா. இந்த எஞ்சின்ல சிவப்புக் கயிறோட ஒரு கிளிப் ஈக்குது பாத்தியா? ஓட்டுறவன் தண்ணில விழுந்தா இது கழண்டு எஞ்சின் நிண்டுடும். இது இல்லாட்டி எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாது. இத நான் கழட்டி சட்டப் பையில போட்டுக்கொள்வன். வாறவன் யோக்கியன் எண்டா, 'ஹாஜியார், கிளிப்பக் காணல்லியே' எண்டு முதல்ல செல்லுவான். கள்ளன் எண்டா, அது பெய்த்து, இது பெய்த்து எண்டு கத உடுவான். எப்பிடி என்ட மூள?"

"மாஷா அல்லாஹ்" என்றாள் கைரியா. "கிளிப்ப சரியாச் சென்ன ஆள் என்ன சென்னாலும் கேப்பீங்களா?"

"கண்ண மூடிக்கொண்டு கேப்பன்."

"போட்ட அங்க கொண்டு போங்க, இங்க கொண்டு போங்க எண்டு சென்னாலும்?"

"டொக்டர் செல்றத நோயாளி கேக்காம இருப்பானா?"

"அத எங்கட இப்திகார் நானாட முன்னால செல்லுங்க."

இப்திகாருக்குப் போன் போட்டு, ஹாஜியார் அதையும் கம்பீரமாகச் சொன்னார். வலை விரிக்கிறவர் தான்தான் என்று அவருக்கு அத்தனை நம்பிக்கை.

முதலில் வந்தவர் அழகையா. நாவலப்பிட்டிக்காரர். பல்லேகலையில் சின்னதாக ஒரு வேர்க்‌ஷொப் வைத்திருந்தார். எஞ்சினின் கீழ்ப்பாகத்தை இறக்கத் தண்ணீர்ப் பீப்பாய் ஒன்று கேட்டார். கைரியா தண்ணி வெட்டுக்காகச் சேர்த்து வைத்திருந்த நீலப் பீப்பாயைப் போட்டின் பின்னால் உருட்டி வைத்தார்கள். ஹாஜியார் கதிரையைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தார். கை சட்டைப் பையில்.

அழகையா எஞ்சினைப் பார்த்தார். தன் சாவிக்கொத்திலிருந்து ஒரு சிவப்பு கிளிப்பை எடுத்தார். மாட்டினார். ஸ்டார்ட் பண்ணினார்! ஹாஜியாரின் வாய் பிளந்தது பிளந்தபடி நின்றது. அழகையா எஞ்சினை நிறுத்தி, புரொபெல்லரின் நடுவிலிருந்து இறக்கை வரை சோக்கால் நேராக ஒரு கோடு போட்டார். கியரில் போட்டு ஓடவிட்டு, மறுபடி நிறுத்திக் காட்டினார். கோடு இரண்டாய்ப் பிரிந்து, பாதி ஒரு பக்கம், பாதி மறுபக்கம்.

"பாத்தீங்களா மொதலாளி? உள்ளுக்குள்ள ரப்பர் வழுக்குதுங்க. நடு சுத்துது, இறக்க சுத்தல. எஞ்சினு தங்கமா இருக்குங்க. புது ரப்பரு ஒண்ணு அடிச்சா ரெண்டு மணித்தியால வேல."

"அதெல்லாம் ஈக்கட்டும். கிளிப்பப் பத்தி ஏன் வாயே தொறக்கல்ல?"

"கிளிப்பா? அது எல்லாரும் தொலைக்கிறதுங்க. அதுக்குத்தானே நான் மூணு வச்சிருக்கேன்."

"சின்ன விஷயத்த மறைக்கிறவன் பெரிய விஷயத்த மறைக்க மாட்டானா? நீங்க போகலாம்!"

பாவம், அழகையா கைரியா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, இந்த வீட்டில் எஞ்சினுக்கா ஆளுக்கா பழுது என்று யோசித்துக்கொண்டே போனார். கைரியா கேட் வரைக்கும் கூடப் போய் ஏதோ பேசினாள். ஹாஜியார் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் கட்டுகஸ்தொட்டையிலிருந்து ஃபாஸில் வந்தான். அவனும் சொந்த கிளிப்பை மாட்டினான். அவனும் கோடு போட்டான். அவனும் ரப்பர் என்றான்.

"பாத்தியா கைரியா! ரெண்டு பேரும் ஒரே பொய்! பேசி வச்சிக்கொண்டு வாறானுகள்!"

"ரெண்டு பேரும் ஒண்டையே சென்னா உண்மையா ஈக்காதா?"

"உனக்கு வியாபாரம் தெரியா!"

கைரியா மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருக்கும்போதுதான் மனிதன் பயப்பட வேண்டும். ஹாஜியார் நிம்மதியாகத் தூங்கினார்.

நிக்காஹ்வுக்கு இன்னும் எட்டு நாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தால், கேட்டடியில் பெரிய லொறியோடு ஒருவர் நிற்கிறார். பெயர் பஹ்மி. மெலிந்த ஆள், காதில் பென்சில், கையில் அளவு நாடா.

"போட் ஒண்டு பாக்கோணும் எண்டு தாத்தா கோல் எடுத்தாங்க" என்று கைரியாவைக் கைகாட்டினார்.

பஹ்மி போட்டைச் சுற்றி வந்தார். எஞ்சினைத் தொடக்கூட இல்லை. ஒரு விரலை மட்டும் நீட்டி, "நானா, இதுல சிவப்பு கிளிப் ஒண்டு ஈக்கோணுமே, எங்க?" என்றார்.

ஹாஜியாருக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டைப் பையிலிருந்து கிளிப்பை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "அல்ஹம்துலில்லாஹ்! இந்த ஊரிலயும் ஒரு மனிசன் ஈக்கான்!"

பிறகு பஹ்மி நாடாவை விரித்தார். போட்டின் நீளம் பார்த்தார். அகலம் பார்த்தார். போட்டுக்கும் மதிலுக்கும் நடுவே எவ்வளவு என்று பார்த்தார். மதிலிலிருந்து வாசற்படிவரை பார்த்தார். எல்லாவற்றையும் சிகரட் பெட்டி மட்டையில் குறித்துக்கொண்டார்.

"பாத்தியா கைரியா? மத்தவனுகள் இப்பிடி அளந்தானுகளா? இதுதான் தொழில் சுத்தம்!"

"அதான் நானும் பாக்கிறன்" என்றாள் கைரியா.

"நோய் என்னெண்டு செல்லுங்க பஹ்மி" என்றார் ஹாஜியார்.

பஹ்மி கைரியாவைப் பார்த்தார். கைரியா வானத்தைப் பார்த்தாள். பஹ்மி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நானா, போட் எண்டா தண்ணிட சாமான். தரையில வச்சா காஞ்சி பெய்த்துடும். இத இண்டைக்கே தெல்தெனியாவுக்குக் கொண்டு போகோணும். நாப்பது நாள் தண்ணில ஊறோணும். அதுவரைக்கும் நீங்க தொடவும் கூடா, பாக்கவும் கூடா."

"பாக்கவுமா?"

"பாத்தா தொடத் தோணும்."

எவ்வளவு ஆழமான வார்த்தை! ஹாஜியார் உடனே தலையாட்டினார். லொறி போட்டை இழுத்துக்கொண்டு கிளம்பியது. லொறிக்குள் இரும்புக் கம்பியும் கதிரைகளும் அடுக்கியிருந்தன. பெரிய மெக்கானிக் என்றால் வேலையாட்கள் உட்காரக் கதிரை வேண்டாமா என்று ஹாஜியார் தன்பாட்டில் நினைத்துக்கொண்டார். ஊரார் கேட்டதற்கெல்லாம், "வைத்தியத்துக்குப் போயீக்குது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

அடுத்த ஒரு வாரம் கடையில் கூட்டம். கலியாண வேலை எல்லாம் கைரியாவின் தலையில்தான். சமையலுக்கு யார், பந்தலுக்கு யார் என்று ஹாஜியார் ஒருநாளும் கேட்டதில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பஹ்மியின் யோக்கியத்தைப் பேசவே அவருக்கு நேரம் போதவில்லை.

பத்தொன்பதாம் தேதி பின்னேரம் வீட்டுக்கு வந்தார். முற்றம் முழுக்க வெள்ளைத் துணிப் பந்தல். இருநூறு கதிரை. நடுவே உயரமான ஏணி. ஏணியின் உச்சியில், வாயில் இரண்டு ஆணியைக் கடித்தபடி, பூமாலை கட்டிக்கொண்டிருந்தார் பஹ்மி.

"பஹ்மி! எஞ்சின் மெக்கானிக்குக்குப் பந்தல்ல என்ன வேல?"

பஹ்மி ஆணியை வாயிலிருந்து எடுத்தார். ஆள் உண்மையிலேயே யோக்கியமானவர்தான், அதற்குமேல் பொய் சொல்ல வரவில்லை. "நானா, மன்னிச்சிக்கோங்க. என்ட தொழிலே பந்தல்தான். எஞ்சின் எண்டா எனக்குப் பயம். போட்ட எடுத்தாத்தான் கம்பி நட ஏலும் எண்டு தாத்தா சென்னாங்க. கிளிப்பையும் அவங்கதான் சென்னாங்க."

ஹாஜியார் கதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டார். கைரியா தட்டு நிறைய வட்டிலப்பத்தோடு உள்ளேயிருந்து வந்தாள்.

"கைரியா, என்னய ஏமாத்திட்டியா?"

"நீங்க நம்பிக்கையான ஆளத்தானே தேடினீங்க? வேல தெரிஞ்ச ரெண்டு பேரையும் நீங்கதான் வெரட்டினீங்க."

"அப்ப என்ட போட்? தண்ணில ஊறிக்கொண்டா ஈக்கு?"

"ஊறவும் இல்ல, காயவும் இல்ல. அண்டைக்கே அழகையாட வேர்க்‌ஷொப்புக்குப் பெய்த்து. அவர் சென்ன மாதிரியே ரெண்டு மணித்தியாலத்தில ரப்பர மாத்திட்டார். சனிக்கிழம இப்திகார் நானாவும் மதினியும் விக்டோரியாவ ரெண்டு சுத்துச் சுத்திட்டும் வந்துட்டாங்க."

ஹாஜியார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப அந்த நாப்பது நாள்?"

"அது போட்டுக்கு இல்ல, ஒங்களுக்கு" என்றாள் கைரியா. "இப்ப அந்த ஏணிய ஒருக்காப் புடிங்க, பஹ்மி விழுந்துடப் போறார்."