பட்டாளத்துப் பிள்ளைக்குக் கார் வாங்கப் போன கதை

“…வேற உடுப்பு மாத்திக்கொண்டு வாறனே அம்மா, இந்த யூனிபோமோட கார்க் கடைக்குப் போறது வடிவில்லை,” என்றாள் மகள் ஆரணி. முகாமிலிருந்து லீவில் வந்திறங்கி வைலே ரயில் ஸ்டேசன் வாசலில் நின்றாள். தோள் பையை இன்னும் இறக்கவில்லை.

“பேசாமல் வா பிள்ளை! கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கவேணும் எண்டு சும்மாவே சொன்னவை? உன்ரை உடுப்பைக் கண்டாலே கடன் தருவினம்,” என்றேன்.

(கோறணமேந்து உத்தியோகத்துக்கு, அதாவது அரச வேலைக்கு, எல்லாக் கதவும் திறக்கும் என்பது யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள் தாய்ப்பாலோடு குடித்த பாடம். அதே ஊரில் பட்டாளத்தின் பச்சை உடுப்பைக் கண்டால் வேலி பாய்ந்து ஓடியவளும் நான்தான். டென்மார்க் ஒரு மனுசியை எப்படி மாற்றிவிட்டது பாருங்கள்!)

ஆரணி இந்த நாட்டு இராணுவத்தின் கட்டாய சேவைக்குத் தானாகவே விரும்பிப் போனவள். (அப்படியும் ஒன்று இங்கே உண்டு.) நாங்கள் இருப்பது கிரின்ஸ்டெட்டில். அங்கே பஸ் என்பது அமாவாசை நிலவு. லீவில் முகாமிலிருந்து அவள் வீடு வந்து சேர்வதற்குள் திரும்பிப் போகும் நேரம் வந்துவிடும். ஒரு கார் இருந்தால் பிள்ளையை ஆறுதலாக இருத்திச் சோறு போடலாம். என் ஆசை அவ்வளவுதான்.

கடையில் ஹென்ரிக் என்ற நெடிய விற்பனையாளர் அவளைத் தன் மேசை முன்னால் இருத்தி விபரம் கேட்கத் தொடங்கினார். கார் கிடைத்த மாதிரித்தான் எனக்கு. கைப்பையில் இருந்த சந்தனத்தை எடுத்து, பளபளத்த புதுச் சிவப்புக் காரின் நெற்றியில் பொட்டு வைத்தேன். முன்சில்லு ஏறி நசுக்க அதன் கீழே ஒரு தேசிக்காய். (நல்ல காரியத்தைப் பிற்போடக்கூடாதே!)

நிமிர்ந்தால், ஹென்ரிக் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“கடன் தரமுடியாது. மகளின் சேவை பெப்ரவரியில் முடிகிறது. கடனோ ஐந்து வருடத்துக்கு.”

“அவள் இராணுவத்தில்தான் இருப்பாள்! ஜெனரலாக வருவாள்!” என்றேன், தெரிந்த டெனிஷ் முழுவதையும் திரட்டி.

“அம்மா! நான் நர்சிங் படிக்கப் போறன்,” என்றாள் ஜெனரல்.

“விற்க எனக்கும் ஆசைதான்,” என்றார் ஹென்ரிக். “ஆனால் திருப்பிக் கட்ட வழியில்லாதவருக்குக் கடன் கொடுக்கச் சட்டம் விடாது. அது உங்கள் மகளைப் பாதுகாக்கத்தான்.”

“யாரிடமிருந்து?”

ஹென்ரிக் சந்தனப் பொட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

பட்டாளத்திடமிருந்து எங்களைக் காப்பாற்ற ஊரில் ஒரு சட்டமும் வரவில்லை. இங்கே பட்டாளக்காரியைப் பெற்ற தாயிடமிருந்து காப்பாற்றவே ஒன்று வைத்திருக்கிறார்கள்! வெட்கம் தாங்காமல் தேசிக்காயையாவது எடுப்போமென்று குனிந்தேன். கை பட்டு அது காரின் நடுவயிற்றுக்குக் கீழே உருண்டு போனது. அடுத்த கணம் ஆரணி குப்புறப் படுத்து, முகாமில் பழகியபடி முழங்கையால் ஊர்ந்துபோய் அதை மீட்டு வந்தாள். கடையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அந்த உடுப்பால் அன்று கிடைத்த பயன் அது ஒன்றுதான்.

எழும்பித் தூசி தட்டியவள், “கடன் இல்லாமல், நான் சேர்த்து வைத்த சம்பளத்துக்கு என்ன இருக்கிறது?” என்று ஹென்ரிக்கிடம் கேட்டாள். பின்முற்றத்தில் ஒரு கிழட்டுச் சாம்பல் கார் இருந்தது; அதையே காசு கட்டி வாங்கினாள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அதற்குப் பெயர் ‘ஜெனரல்’. நான் எதிலாவது அவசரப்பட்டால் என் மனிசன், “ஜெனரலின்ரை அம்மா, கொஞ்சம் பொறும்,” என்பார்.

அன்று ஆரணி என்னை முன்னுக்கு ஏற்றி, சீட் பெல்ட்டைத் தானே இழுத்து மாட்டிவிட்டாள்.

“இனி முகாமுக்கு நாளைக்குப் பின்னேரம் வெளிக்கிட்டாக் காணும் அம்மா. வீட்டில என்ன கறி?” என்று கேட்டபடியே கிரின்ஸ்டெட் பக்கம் காரைத் திருப்பினாள்.